காட்டுவழியில் எரிபொருள் நின்றால்: மெக்கானிக்கல் பம்ப், காமன் ரெயில், பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்

நீண்ட ஆஃப்-ரோடு பயணத்துக்கென்று வண்டி பார்த்தபோது நான் எடுத்தது மெக்கானிக்கல் பம்ப் (எஞ்சின் சுழற்சியிலேயே ஓடி டீசல் அடிக்கும் பம்ப்) வைத்த பழைய டீசல். மைலேஜ், சத்தம், புகை, இழுவை எதை எடுத்தாலும் காமன் ரெயில் மேல் (எல்லா இன்ஜெக்டருக்கும் ‘ரெயில்’ என்ற ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து, கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசல் போகும் புதிய வகை). அதில் வாதமே இல்லை. பெட்ரோல் எஞ்சின் எடை குறைவு, குளிரில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும். இதெல்லாம் வண்டி வாங்கும் இடத்திலேயே தெரிந்துவிடும். நான் எடைபோட்டது வேறு: அடுத்த மெக்கானிக் 300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார், எஞ்சினுக்கு எரிபொருள் வரவில்லை, கையில் இருக்கும் ஸ்பேனரையும் ஹோஸையும் வைத்துக் கோளாறு எங்கே என்று கண்டுபிடித்து, அங்கேயே சரிசெய்து கிளம்ப முடியுமா?

மூன்று வகைக்கும் பொதுவாக வரும் தொல்லைகளை முதலில் தள்ளிவிடலாம். வண்டி 20 நிமிடம் நன்றாக ஓடி, மெதுவாக மூச்சுத்திணறி நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆனால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் டேங்க் காற்றுக்குழாய் சேற்றில் அடைத்திருக்கிறது. ஆறு, சேறு கடந்த பிறகு வரும் கோளாறு இது. மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டிக்கொண்டே போகலாம், ஊர் வந்ததும் குழாயை ஊதிச் சுத்தம் செய்தால் போதும். இன்னொன்று டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சுகுழாயின் சல்லடை அடைப்பது. சப்ளை லைனைக் கழற்றி, டேங்க் மூடியைத் திறந்து வைத்து, டயர் பம்ப்பால் டேங்க் பக்கமாக ஊதினால் வழி திறக்கும். ஆனால் அந்தக் குப்பை டேங்குக்குள்ளேயேதான் கிடக்கிறது. சில கிலோமீட்டரில் மறுபடி அடைக்கும் என்று எதிர்பார்த்தே ஓட்ட வேண்டும்.

மெக்கானிக்கல் பம்ப்

லேண்ட் ரோவர் 300 டிடிஐ, டொயோட்டா 1எச்இசட் போன்ற எஞ்சின்களில் இருப்பது சுழலும் வகை பம்ப். அதற்கும் முந்தைய பல எஞ்சின்களில் வரிசை பம்ப், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை அழுத்தும் ஒரு பிளஞ்சர் (உள்ளே ஏறி இறங்கும் தண்டு). இரண்டுமே எஞ்சின் சுற்றினால் சுற்றும், டீசல் வந்தால் அடிக்கும். பெரும்பாலான வண்டிகளில் எஞ்சின் ஓடத் தேவைப்படும் ஒரே மின்வயர், பம்ப்பின் மேல் இருக்கும் ஸ்டாப் சொலினாய்டுக்கு (மின்சாரம் வந்தால் டீசல் வழியைத் திறந்து, நின்றால் மூடும் வால்வு) போகும் 12 வோல்ட் வயர்தான்.

அதனால் நின்ற வண்டியில் முதல் வேலை அந்த வயர். சாவியை ஆன் செய்யும்போது சொலினாய்டில் 'டிக்' சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒரு வயரை நேராகக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் டிக் இல்லை என்றால் சொலினாய்டே போய்விட்டது. சுற்றியுள்ள மண்ணை பிரஷ்ஷால் துடைத்துவிட்டு அதைக் கழற்றுங்கள். உள்ளே ஒரு சிறிய பிளஞ்சரும் ஸ்பிரிங்கும் இருக்கும். இரண்டையும் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, வெறும் கூட்டை ஓ-ரிங்கோடு திரும்பப் பூட்டுங்கள். டீசல் வழி நிரந்தரமாகத் திறந்திருக்கும், எஞ்சின் ஓடும். ஆனால் இனி சாவியால் எஞ்சின் நிற்காது. டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி கிளட்ச்சை விட்டுத்தான் அணைக்க வேண்டும். அதே வண்டியை வேறொருவர் ஓட்டப்போகிறார் என்றால் இதை முதலில் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது காற்று. பழைய டீசலில் பாதிக்கு மேல் தொல்லை 'ஏர் பிடிப்பது'தான். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் (டேங்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் சிறிய பம்ப்) வரை, அது இல்லாத வண்டியில் இன்ஜெக்‌ஷன் பம்ப் வரை, உள்ள லைன் உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். அதனால் வெளியே ஒரு சொட்டு ஈரம்கூட இல்லாமல் வண்டி நிற்கும். இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் உள்வாயில் ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். (அந்த ஹோஸை அப்படியே விட்டுவிடாதீர்கள், டீசலில் நாளடைவில் விறைத்து வெடிக்கும். சோதனைக்கு மட்டும்.)

குமிழி எங்கிருந்து வருகிறது? 5 லிட்டர் கேனில் சுத்தமான டீசலை நிரப்பி, பம்ப்பைவிட உயரமாக வைத்து, ஒரு ஹோஸை நேராக பம்ப்பின் உள்வாயில் செருகுங்கள். மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸையும் அதே கேனுக்குள் விடுங்கள். இல்லையென்றால் கேன் மளமளவென்று காலியாகி டேங்க் நிரம்பும். எஞ்சின் குமிழி இல்லாமல் ஓடினால் பம்ப் நல்லது, கோளாறு டேங்க் பக்கம். இப்போது கேனை ஃபில்டருக்கு முன்னால் மாற்றுங்கள், பிறகு ஃபீட் பம்ப்புக்கு முன்னால். எந்த இணைப்பைச் சேர்த்ததும் குமிழி வருகிறதோ அதுதான் திருடன். பெரும்பாலும் ஃபில்டர் தலையின் ரப்பர் வளையம், பேன்ஜோ போல்ட்டின் (டீசல் உள்ளே ஓடும் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர், அல்லது கிளிப்புக்கு அடியில் விரிசல் விட்ட ஹோஸ். இன்னொரு வழியும் உண்டு: டேங்க் வாயில் துணியைச் சுற்றி டயர் பம்ப்பால் மிக மெதுவாக இரண்டு மூன்று முறை அழுத்தினால், காற்றை உறிஞ்சிய அதே இடத்தில் இப்போது டீசல் கசியும். அதற்கு மேல் அழுத்தினால் டேங்கின் தையல் விட்டுப்போகும்.

ஏர் எடுக்கும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் வரிசையை மாற்றினால் அரைமணி நேரம் வீண். ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்தி, ஹேண்ட் பிரைமரை (கையால் டீசல் ஏற்றும் பம்ப்) அடித்து, நுரை போய் முழு டீசல் வந்ததும் இறுக்கணும். பிறகு இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் ஸ்க்ரூ, அதே மாதிரி. கடைசியாக இன்ஜெக்டர் முனையிலுள்ள பைப் நட்டுகளை, பெரும்பாலும் 17 ஸ்பேனர், அரைச்சுற்று முதல் ஒரு சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, 10 முதல் 15 வினாடி செல்ஃப் அடியுங்கள். டீசல் பீச்சினால் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். கையை மட்டும் அந்தப் பீச்சலுக்கு நேராகக் கொண்டுபோகாதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவே ஒரு நிமிடம் விடவில்லை என்றால் டீசல் கோளாறோடு செல்ஃப் மோட்டார் கோளாறும் சேர்ந்துகொள்ளும். 300 டிடிஐ-யில் ஃபீட் பம்ப்பின் கைநெம்புகோல் சத்தின்றி ஆடினால் பம்ப் போய்விட்டதென்று முடிவு கட்ட வேண்டாம். அந்த பம்ப்பைத் தள்ளும் கேம் உச்சியில் நிற்கிறது. எஞ்சினை ஒரு சுற்று திருப்பிவிட்டு மறுபடி அடியுங்கள்.

ஃபீட் பம்ப்பின் டயஃப்ரம் உண்மையிலேயே கிழிந்தாலும் பயணம் முடிந்துவிடாது. சுழலும் வகைக்குள்ளேயே ஒரு வேன் பம்ப் இருப்பதால், டேங்க் நிறைந்திருந்தால் தானே இழுத்துக்கொள்ளும். வரிசை பம்ப்புக்கு அந்த வசதி இல்லை. உயரத்தில் கட்டிய கேனிலிருந்து டீசல் இறங்கவிட்டு ஓட்டலாம். ஒரு இன்ஜெக்டர் பைப் உடைந்தால்கூட, பம்ப் பக்கத்து வாயை அடைக்காமல், ஒரு ஹோஸ் வழியாக அந்த டீசலை பாட்டிலில் பிடித்துக்கொண்டு மூன்று சிலிண்டரில் ஊர் சேரலாம். வாயை அடைத்தால் அழுத்தம் போக வழியின்றி பம்ப் சேதமாகும்.

இதற்கும் எல்லை உண்டு. சூடானதும் ஸ்டார்ட் ஆகாமல், பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிட்டதும் ஸ்டார்ட் ஆனால் பம்ப்புக்குள் டீசலை அழுத்திப் பங்கிடும் ஹெட் தேய்ந்துவிட்டது. அதை வழியில் பிரிக்க முடியாது, டெஸ்ட் பெஞ்ச் உள்ள பட்டறைதான் கதி. சுழலும் வகை, டீசலையே மசகாகக் கொண்டு ஓடுகிறது; மண்ணெண்ணெய் கலந்த டீசல் அதைச் சீக்கிரம் தின்றுவிடும். வரிசை பம்ப்பின் கேம் பகுதிக்குத் தனி எண்ணெய் இருப்பதால் கொஞ்சம் தாங்கும். மோசமான டீசல் கிடைக்கும் வழிகளுக்கு வரிசை பம்ப்தான் என் முதல் விருப்பம்.

காமன் ரெயில்

இங்கேயும் கோளாறுகள் அதே கோளாறுகள்தான்: தண்ணீர், தூசி, காற்று. ஆனால் தாங்கும் அளவு வேறு. பழைய இன்டைரக்ட் எஞ்சினின் (சிலிண்டருக்குள் நேராக இல்லாமல் பக்கத்துச் சிற்றறையில் டீசல் அடிக்கும் வகை) இன்ஜெக்டர் 120, 150 பார் அழுத்தத்தில் திறக்கும். காமன் ரெயில் 1997-ல் கார்களுக்கு வந்தபோதே 1,350 பார். இப்போது 2,000-ஐத் தாண்டியவையும் ஓடுகின்றன. அந்த அழுத்தத்தில் ஒரு தூசித்துகள் உரசினாலே கட்டுப்பாட்டு வால்வின் இருக்கை தேய்ந்து, டீசல் ரிட்டர்ன் பக்கம் ஒழுக ஆரம்பிக்கும். செல்ஃப் அடிக்கும்போது ரெயிலில் சுமார் 200 பார் ஏறாவிட்டால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. எஞ்சின் சுற்றும், புகைகூட வராது.

பழைய வழக்கத்தில் இதிலும் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்த வேண்டாம். அந்த அழுத்தத்தில் பீச்சும் டீசல் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்தியது போலத்தான் தெரியும். ஆனால் அது அறுவை சிகிச்சை தேவைப்படும் அவசரம், காத்திருக்காமல் மருத்துவமனை போக வேண்டிய காயம். ஏர் எடுப்பது குறைந்த அழுத்தப் பக்கம் மட்டும்.

ஆகவே வழியில் செய்ய முடிந்தவை இவ்வளவுதான். ஓபிடி ஸ்கேனரை (வண்டிக் கம்ப்யூட்டரின் கோளாறு கோடுகளைப் படிக்கும் கருவி) மாட்டி, கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். பி0087 என்ற கோடு வந்தால் ரெயிலில் அழுத்தம் போதவில்லை. முதலில் ஃபில்டரை மாற்றுங்கள், பெரும்பாலும் அதோடு தீரும். ஐடிலில் எஞ்சின் ஏறி இறங்கி ஆடினால், பம்ப்பிலுள்ள சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வு (உயர் அழுத்த பம்ப்புக்குள் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று கட்டுப்படுத்துவது) ஒட்டிக்கொண்டிருக்கலாம். சிறிய உதிரிபாகம்தான், ஸ்பேர் வைத்துக்கொள்வது நல்லது. சில வண்டிகளில் மாற்றிய பின் ஸ்கேனர் வழியாகப் பதியவும் வேண்டும். இன்ஜெக்டர் சந்தேகம் என்றால் ஒவ்வொன்றின் ரிட்டர்னையும் ஒரே அளவுள்ள தனித்தனி பாட்டிலில் பிடித்து, ஒரு நிமிடம் ஐடிலில் ஓடவிடுங்கள். எந்த பாட்டில் மற்றவற்றைவிட வேகமாக நிறைகிறதோ அதுதான் போனது. வண்டி ஸ்டார்ட்டே ஆகவில்லை என்றால் செல்ஃப் அடித்துக்கொண்டே பாருங்கள். ரெயிலில் அந்த வாயை மூடும் நட் கிடைக்கிறது. மூடிவிட்டு மூன்று சிலிண்டரில் போக சில வண்டிகளின் கம்ப்யூட்டர் விடும், சில விடாது. இதை மட்டும் நம்பி வெகுதூரம் போகச் சொல்ல மாட்டேன். புது இன்ஜெக்டர் போட்டாலும் அதன் எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டியிருக்கும்.

உயர் அழுத்த பம்ப் உள்ளே உராய்ந்து உலோகத்தூள் விட்டால் கதை முடிந்தது. தூள் ரெயில், இன்ஜெக்டர், ரிட்டர்ன் வழியாக டேங்க் வரை போயிருக்கும்; எல்லாவற்றையும் மாற்றாமல் புது பம்ப் மட்டும் போட்டால் அதுவும் போகும். ஃபில்டரைக் கழற்றும்போது உள்ளிருக்கும் டீசலை வெள்ளைத் துணியில் ஊற்றி, வெயிலில் சாய்த்துப் பாருங்கள். மினுமினுவென்று வெள்ளித்தூள் தெரிந்தால் இனி ஸ்டார்ட் செய்ய வேண்டாம், கட்டி இழுத்துத்தான் போகணும்.

காமன் ரெயிலோடுதான் போவேன் என்பவர்களுக்கு ஒரே பாதுகாப்பு கோளாறு வராமல் தடுப்பது. டேங்குக்கும் கம்பெனி ஃபில்டருக்கும் நடுவே, தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தோடு 30 மைக்ரான் முன்ஃபில்டர் வையுங்கள். அந்த இடத்தில் 2 மைக்ரான் வைத்தால் உறிஞ்சும் பக்கம் திணறி அதுவே கோளாறாகும். டிரம் டீசல் என்றால் கண்ணாடி ஜாடியில் பிடித்து 10 நிமிடம் அசையாமல் வைத்து, அடியில் தண்ணீர் கோடு தெரிகிறதா என்று பார்த்த பிறகே ஊற்றுங்கள். தவறிப்போய் பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியைக்கூட ஆன் செய்யாதீர்கள். பல வண்டிகளில் சாவி போட்டாலே டேங்க் பம்ப் ஓடி அதை முன்னால் தள்ளிவிடும்.

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்

இங்கே கோளாறு கிட்டத்தட்ட ஒரே பொருளில் வந்து நிற்கும்: டேங்குக்குள் மூழ்கியிருக்கும் மின்பம்ப். சாவி ஆன் செய்ததும் இரண்டு வினாடி 'ம்ம்' என்ற ரீங்காரம் கேட்க வேண்டும். இல்லையென்றால் ஃபியூஸ், பிறகு ரிலே. அதே வகை ரிலே ஹார்னுக்கு இருந்தால் இடம் மாற்றிப் பாருங்கள். சில வண்டிகளில் அதிர்ச்சிக்கு அணையும் இனர்ஷியா சுவிட்ச் கற்பாதைக் குலுக்கலிலேயே விழுந்திருக்கும், அழுத்தினால் போதும். எல்லாம் சரி என்றால் செல்ஃப் அடிக்கும்போது இன்னொருவர் டேங்கின் அடியில் மரக்கட்டையால் தட்டட்டும். ஒட்டிய பிரஷ் விடுபட்டு பம்ப் ஓடலாம். ஓடினால் அடுத்த ஊர் வரை எஞ்சினை அணைக்காதீர்கள்.

ஸ்பேர் பம்ப் வைத்திருந்தால் இந்த வகை மோசமில்லை. பின்சீட்டுக்கு அடியில் பம்ப்புக்கு மூடி இருக்கிறதா, டேங்கையே இறக்க வேண்டுமா என்பதைக் கிளம்பும் முன்பே பாருங்கள். நிறைந்த டேங்கை மண்ணில் படுத்துக்கொண்டு இறக்குவது தனியாள் வேலை இல்லை. பம்ப்பை ஆறவைப்பது பெட்ரோல்தான், எனவே கால் டேங்குக்குக் கீழே விடாதீர்கள். டேங்கில் சிறிய விரிசல் விட்டால் துணி சோப்புக்கட்டியை அழுத்தித் தேயுங்கள். பெட்ரோலில் சோப்பு கரையாது, எபாக்ஸி போடும் இடம் வரை தாங்கும்.

நேரடி பெட்ரோல் இன்ஜெக்‌ஷனை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதில் எனக்குக் கைப்பழக்கம் குறைவு; உயர் அழுத்த பம்ப் உள்ளதால் காமன் ரெயிலின் எச்சரிக்கைகள் பல அதற்கும் பொருந்தும்.

எந்த டீசல் வண்டியானாலும் பெட்டியில் இருக்க வேண்டியவை: மெயின் ஃபில்டர் இரண்டு, டீசலுக்கான 8 மில்லிமீட்டர் ஹோஸ் 2 மீட்டர், கண்ணாடி ஹோஸ் 1 மீட்டர், படகு மோட்டாருக்குப் போடும் ரப்பர் பல்ப் பிரைமர் ஒன்று, கிளிப் எட்டு, பேன்ஜோவுக்கான செம்பு வாஷர் ஒரு செட், ஃபில்டர் தலை ரப்பர் வளையங்கள். மெக்கானிக்கல் பம்ப் என்றால் இதோடு ஒரு ஸ்டாப் சொலினாய்டும் ஃபீட் பம்ப்பும். காமன் ரெயில் என்றால் ஸ்கேனர், சக்‌ஷன் கன்ட்ரோல் வால்வு, ரெயில் பிரஷர் சென்சார். ஹோஸ் அளவை வண்டியில் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். சப்ளையும் ரிட்டர்னும் பல வண்டிகளில் வேறு வேறு அளவு.