பால்வீதியும் தரையும் ஒரே படத்தில்: ஒற்றை ஷாட்டா, ஸ்டாக்கிங்கா, டிராக்கரா?

கேமராவை முக்காலியில் நிறுத்தி ஒரே ஷாட்டில் முடிக்கலாம். அதே இடத்தில் பத்திருபது ஷாட் எடுத்துக் கணினியில் அடுக்கலாம். இல்லாவிட்டால், வானத்தோடு சேர்ந்து கேமராவைத் திருப்பும் டிராக்கரில் ஏற்றி நிமிடக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைக்கலாம். மூன்றில் எது மேல் என்ற வாதம் பெரும்பாலும் நட்சத்திரங்களைப் பெரிதாக்கிப் பார்ப்பதிலேயே போய்விடுகிறது. வானமும் தரையும் சந்திக்கும் கோடு எப்படி இருக்கிறது, லென்ஸ் எத்தனை மிமீ என்று முதலில் பார்த்தால் பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

பூமி சுழல்வதால் வானம் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600 ஆகப் பிரித்தால் ஒரு பங்கு) நகர்கிறது, சிக்கல் அவ்வளவுதான். 500-ஐ லென்ஸின் மிமீயால் வகுத்து வரும் நொடிகள்வரை திறந்து வைக்கலாம் என்கிற 500 விதி, இன்றைய சென்சார்களுக்கு ரொம்பவே தாராளம். 20 மிமீக்கு அது 25 நொடி கொடுக்கிறது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேமில் ஒரு பிக்சல் ஏறத்தாழ 5.9 மைக்ரான், அதில் 25 நொடிக்கு ஒரு நட்சத்திரம் 6 பிக்சல்வரை இழுபடும். என்பிஎஃப் விதி கறாரானது: அப்பர்ச்சர் எண்ணை (லென்ஸ் திறப்பின் அளவு; எஃப்/1.8 என்றால் 1.8, எண் சிறிதானால் திறப்பு பெரிது) 35-ஆலும், மைக்ரானில் பிக்சல் அளவை 30-ஆலும் பெருக்கிக் கூட்டி, மிமீயால் வகுக்க வேண்டும். எஃப்/1.8-இல் 12 நொடி வரும். இழுபடுவது 3 பிக்சல். கீழே உள்ள கணக்கெல்லாம் இதே கேமராவுக்குத்தான்.

ஒற்றை ஷாட்

12 நொடி, எஃப்/1.8, ஐஎஸ்ஓ (ஒளிக்குச் சென்சார் காட்டும் உணர்திறன்) 6400, ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு). வானம் தேறிவிடும். தரை கரியாகக் கிடக்கும். எடிட்டிங்கில் அதைத் தூக்கினால் நிழல் பகுதியில் ஊதாப் படலமும் நாய்ஸும் (மணல் தூவியதுபோன்ற புள்ளிகள்) சேர்ந்து கிளம்பும். முழுத் திறப்பில் எடுப்பதால் மூலையில் உள்ள நட்சத்திரங்களுக்குக் கோமா என்ற லென்ஸ் குறையால் சிறகு முளைத்திருக்கும்.

ஆனாலும் இந்த முறைக்கு ஈடில்லாத இடங்கள் உண்டு. கிளைகளின் இடைவெளியில் தெரியும் நட்சத்திரங்கள், ஏரியில் விழும் பிரதிபலிப்பு, வேகமாக ஓடும் மேகம் ஆகியவற்றை மற்ற இரு முறைகளிலும் ஒட்டுப்போட்டுத்தான் காப்பாற்ற வேண்டும்.

நிலவு இருந்தால் ஒற்றை ஷாட்டே போதும். முழு நிலவின் ஒளி வெயிலைவிட ஏறத்தாழ 4 லட்சம் மடங்கு குறைவு, எஃப்/2.8, ஐஎஸ்ஓ 800, 15 நொடியில் தரை பகல்போல விழும். பால்வீதி மட்டும் காணாமல் போகும். இரண்டும் வேண்டுமென்றால் பிறை நாட்கள் நல்லவை. பாதி நிலவுகூட முழு நிலவில் பத்தில் ஒரு பங்கு ஒளிதான் தருகிறது என்பது பலருக்கும் தெரிவதில்லை.

ஸ்டாக்கிங்

16 ஃப்ரேம்களைச் சராசரி எடுத்தால் நாய்ஸ் நாலில் ஒன்றாகும். ஐஎஸ்ஓ 6400-இல் எடுத்த படம் ஐஎஸ்ஓ 400-இல் எடுத்ததுபோல அடங்கிவிடும். தரைக்கும் இதே லாபம். விமானம், செயற்கைக்கோள் கோடுகளை மென்பொருளே விலக்கிவிடும். காற்றில் ஒரு ஃப்ரேம் ஆடிவிட்டால் அதைத் தூக்கிப்போட்டால் போயிற்று.

இன்டர்வலோமீட்டரில் (தானாக அடுத்தடுத்து ஷாட் எடுக்க வைக்கும் கருவி) ஃப்ரேம்களுக்கு இடையே ஒரு நொடி இடைவெளி போதும். கேமராவின் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைத்தே ஆக வேண்டும். அது இயங்கினால் ஒவ்வொரு 12 நொடிக்குப் பிறகும் இன்னொரு 12 நொடி மூடிய ஷாட் எடுத்துக்கொண்டு காக்க வைக்கும். அதற்குப் பதில், கடைசியில் லென்ஸை மூடி அதே அமைப்பில் ஐந்தாறு டார்க் ஃப்ரேம் (நாய்ஸைக் கழிக்க உதவும் இருட்டுப் படம்) எடுத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் சீக்வேட்டர், மேக்கில் ஸ்டாரி லேண்ட்ஸ்கேப் ஸ்டாக்கர். இரண்டும் வானத்தைத் தனியாகவும் தரையைத் தனியாகவும் அடுக்கும்.

பிசகுவது இரண்டு இடத்தில். அகல லென்ஸ் ஓரங்களை இழுத்துக் காட்டும். வானம் அதிகம் நகர்ந்துவிட்டால் மூலைகள் பொருந்தாது. அதனால் மொத்தத்தையும் நாலைந்து நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 16 ஃப்ரேம் என்பது மூன்றரை நிமிடம்தான். இன்னொன்று மாஸ்க், அதாவது வானத்தையும் தரையையும் பிரிக்கும் எல்லை: மலைமுகட்டில் சுத்தமாக உட்காரும், மரக்கிளைகளில் வெளிறிய விளிம்பாகத் துருத்தும்.

டிராக்கர்

பலர் கவனிக்காத கணக்கு ஒன்று. 12 நொடி வீதம் 16 ஃப்ரேம் என்றால் 192 நொடி. டிராக்கரில் அதே அப்பர்ச்சரில் 192 நொடி எடுத்தாலும் சென்சாரில் விழும் ஒளி அதேதான். ஆகவே 20 மிமீயில் ‘டிராக்கர்தான் சுத்தமான படம் தரும்’ என்பது பாதி உண்மை. அதன் நிஜமான பலம், எஃப்/2.8, எஃப்/4 என்று மூடி மூலைகளைத் திருத்த முடிவதும் நீள லென்ஸும்தான். 50 மிமீயில் என்பிஎஃப் 4.8 நொடியைத் தாண்ட விடாது. அதே ஒளிக்கு 40 ஃப்ரேம் வேண்டும். 85 மிமீயில் மூன்று நொடிகூட இல்லை. அங்கே டிராக்கருக்குப் போட்டியே கிடையாது.

டிராக்கர் சுழலும் அச்சை வானத்தின் துருவத்துக்கு நேர் நிறுத்துவதைப் பற்றி அகல லென்ஸ்காரர்கள் அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரு டிகிரி தவறினாலும் 20 மிமீயில் 2 நிமிடத்துக்கு அரைப் பிக்சல்தான் நழுவும். துருவ நட்சத்திரம் உண்மையான துருவத்திலிருந்து முக்கால் டிகிரிக்கும் குறைவாகவே விலகி இருப்பதால் அதையே குறிவைத்தால் போதும். 85 மிமீயில் துருவ ஸ்கோப் (அச்சைக் குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி) அவசியம். தெற்கு அரைக்கோளத்தில் துருவத்துக்கு அருகே உள்ள சிக்மா ஆக்டாண்டிஸ் நட்சத்திரம் மிக மங்கல், தேடவே பொறுமை வேண்டும். ஃப்ரேமை மாற்றும்போது முக்காலி ஒரு மயிரிழை அசைந்தாலும் சீரமைப்பு போய்விடும், மறுபடி பாருங்கள்.

வானம் நிற்க, தரை நகரும். இரண்டு நிமிடத்தில் அரை டிகிரி, அதாவது ஏறத்தாழ 30 பிக்சல்வரை தரை கலங்கும். எனவே மோட்டாரை நிறுத்தி, தரைக்குத் தனியாக ஐஎஸ்ஓ 1600, எஃப்/2.8, 4 நிமிடம் எடுக்க வேண்டும். இங்கே லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் இருக்கட்டும். ஒட்டும்போதுதான் விஷயம் தெரியும்: வானப் படத்தில் கலங்கிய தரை, அடிவானத்தை ஒட்டிய நட்சத்திரங்களை மறைத்திருக்கும். கடல், பாலைவனம், மொட்டை முகடு என்றால் சில நிமிட வேலை. மரவரிசை என்றால் டிராக்கரை எடுக்காதீர்கள். அரை வேக வசதியுள்ள டிராக்கரில் கலங்கலை வானத்துக்கும் தரைக்கும் பங்கிடலாம். அகல லென்ஸில் அது சமாளிக்கக்கூடிய சமரசம்.

ஃபோகஸும் பனியும் மூன்றுக்கும் பொது. பிரகாசமான நட்சத்திரத்தை லைவ் வியூவில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து, வளையத்தை டேப்பால் ஒட்டுங்கள். ஈரக்காற்றில் லென்ஸ் ஹீட்டர் பட்டை இல்லாவிட்டால் கண்ணாடி மெல்லப் பூத்துவிடும். ஸ்டாக்கிங்கில் கடைசி ஃப்ரேம்கள் மட்டும் மங்கலாக இருந்தால் சந்தேகமே வேண்டாம், அதுதான்.

பணம் ஒன்றுக்குத்தான் என்றால்? எஃப்/2.8 அகல லென்ஸ் வைத்திருப்பவர் எஃப்/1.8-க்கு மாறினால் 2.4 மடங்கு ஒளி, அதுவும் மூன்று முறைகளிலும். டிராக்கர் வாங்குவது 35 மிமீக்கு மேல் போகும்போது போதும்.