பெர்லினிலிருந்து பாரிஸுக்கு ஒரு பார்சல்: யாரிடம் கொடுப்பது?

ஐரோப்பிய நாடுகளுக்கிடையே பார்சல் அனுப்ப விலைப்பட்டியலை மட்டும் பார்ப்பவர்கள் பாதி விஷயத்தைத்தான் பார்க்கிறார்கள். நம்மிடமிருந்து பெட்டியை வாங்குபவர் யார் என்பதைவிட, மறுநாட்டில் கதவைத் தட்டப்போகிறவர் யார் என்பதே எனக்கு முதல் கேள்வி.

டிஎச்எல்லை எடுத்துக்கொள்வோம். அந்த ஒரே பெயருக்குள் இரண்டு வேறு சேவைகள் இருக்கின்றன. டிஎச்எல் எக்ஸ்பிரஸ், லைப்சிக் விமான மையத்தின் வழியாகத் தன் சொந்த ஆட்களைக் கொண்டே வீடுவரை கொண்டுபோகும். கட்டணமும் அதற்கேற்ப ஏறும். தபால் கடைகளில் கொடுக்கும் டிஎச்எல் பாக்கெட் ஜெர்மன் தபாலின் பார்சல் சேவை. எல்லை தாண்டியதும் பல நாடுகளில் அந்தந்த நாட்டுத் தபால் துறையே அதை ஏற்றுக்கொள்கிறது. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஒதுக்குப்புறக் கிராமத்துக்குத் தினமும் போய்வருகிறவர் தபால்காரர்தான். 31.5 கிலோ வரை அனுப்பலாம், தொலைந்தால் 500 யூரோ வரை இழப்பீடு உண்டு. இரண்டு கிலோ வரையிலான மலிவான 'பேக்ஷென்' வகைக்கு இழப்பீடு கிடையாது. சில யூரோ மிச்சப்படுத்துவதற்காகப் பட்டுப்புடவையை அதில் அனுப்பாதீர்கள்.

டிபிடி, ஜிஎல்எஸ் இரண்டும் ஜெர்மனியில் பிறந்து, லாரிகளை நம்பி வளர்ந்தவை. 1976இல் தொடங்கிய டிபிடி இப்போது பிரெஞ்சுத் தபால் குழுமத்தின் கையில் இருக்கிறது. ஸ்பெயினில் செயூர், இத்தாலியில் பிஆர்டி என்று வேறு பெயர்களில் வருபவையும் அதே குழுமத்தைச் சேர்ந்தவை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள், அதுவும் பிரான்ஸ் பக்கம், ஐந்து முதல் இருபது கிலோ பெட்டிக்கு நான் முதலில் பார்ப்பது டிபிடியைத்தான். ஜிஎல்எஸ்ஸுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. பெறுபவரின் வீட்டுக்கு அருகில் எதன் பார்சல் கடை இருக்கிறதோ அதுவே நல்லது.

உடைகள், புத்தகங்கள் போன்றவற்றுக்கு, பெறுபவரே கடையிலோ லாக்கரிலோ போய் எடுத்துக்கொள்ளும் மோந்தியால் ரிலே சேவை பெரும்பாலும் மலிவாக அமையும். பிரான்ஸ், பெல்ஜியம், ஸ்பெயின் பக்கம் இதன் கடைகளும் லாக்கர்களும் நெருக்கமாக இருக்கின்றன. போலந்தின் இன்போஸ்ட் நிறுவனம் 2021இல் இதை வாங்கிய பிறகு லாக்கர்கள் இன்னும் பெருகின. இரவு வேலைக்குப் போகிறவர்களுக்கும் பகலில் வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கும் இதைவிட வசதி வேறில்லை. பெறுபவர் கெடுவுக்குள் போய் எடுக்காவிட்டால் பார்சல் திரும்பிவிடும். ஆகவே அனுப்பும் முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

யூபிஎஸ், ஃபெடெக்ஸ் இரண்டும் விரைவுக்கும் கனத்துக்கும் உரியவை. யூபிஎஸ் 70 கிலோ பெட்டியைக்கூட எடுக்கும். ஆனால் கன அளவைக் கவனியுங்கள்: நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். 50, 40, 40 அளவுள்ள பெட்டியில் வெறும் தலையணை இருந்தாலும் அது 16 கிலோ என்றே கணக்காகும். பெட்டியைச் சிறிதாக்குவதே இங்கு பெரிய சேமிப்பு.

இழப்பீடு பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நாடுகளுக்கிடையே சாலை வழியாகப் போகும் சரக்குக்கு 1956ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை பொருந்தும். நிறுவனம் தன் விதிகளில் கூடுதலாக ஏற்றுக்கொள்ளாதவரை, கிலோவுக்கு ஏறத்தாழ 10 யூரோதான் உச்சவரம்பு. நான்கு கிலோ பட்டுக்கு 40 யூரோ! தங்க நகையைப் பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் விதிகளிலேயே விலக்கிவைத்திருக்கின்றன. அதை எந்தக் கூரியரிலும் போடாதீர்கள்.

ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருக்கும் சுவிட்சர்லாந்து, நார்வே, 2021 ஜனவரி முதல் பிரிட்டன் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் மாறிவிடும். பாரிஸிலும் லண்டனிலும் சூரிச்சிலும் ஒஸ்லோவிலும் சிதறி வாழும் நம் குடும்பங்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். சுங்கப் படிவத்தில் 'பரிசு' என்று மட்டும் எழுதினால் போதாது. 'இரண்டு பருத்திப் புடவை, 30 யூரோ' என்று பொருளையும் மதிப்பையும் எழுத வேண்டும். தனிநபர் தனிநபருக்கு அனுப்பும் பரிசுக்கு வரி விலக்கு, ஒன்றியத்துக்குள் வருவதற்கு 45 யூரோ வரையும் பிரிட்டனுக்கு 39 பவுண்டு வரையும் சுவிட்சர்லாந்துக்கு 100 பிராங்க் வரையும் உண்டு. அதைத் தாண்டினால் வரியோடு, சுங்க வேலை செய்ததற்கான கட்டணமும் சேரும். தபால் துறையும் இதை வாங்குகிறது. தனியார் விரைவுக் கூரியர்கள் பொதுவாக இன்னும் அதிகம் வாங்குகின்றன. அந்தப் பணத்தைக் கட்டப்போவது பரிசைப் பெறுபவர். அதனால் இந்த மூன்று நாடுகளுக்கும் சிறிய பரிசு என்றால் என் தேர்வு தபால்தான். லண்டனிலிருந்து பாரிஸுக்கு நெய்யும் பால்கோவாவும் அனுப்பவே முடியாது. பால், இறைச்சிப் பொருள்கள் தனிநபர் பார்சலில் ஒன்றியத்துக்குள் நுழையத் தடை இருக்கிறது. பாசெல், சூரிச் பக்கத்தவர்கள் சிலர் எல்லைக்கு இப்பாலுள்ள ஜெர்மன் ஊர்களான வைல் அம் ரைன், கொன்ஸ்டான்ஸ் போன்றவற்றில், பார்சலை வாங்கி வைத்திருக்கும் முகவரிச் சேவையை வைத்துத் தாங்களே போய் எடுத்துவருகிறார்கள். 2025 முதல் ஒருவருக்கு 150 பிராங்க் வரைதான் வரியின்றிக் கொண்டுபோகலாம்.

முகவரியிலும் நாட்டுக்கு நாடு வழக்கம் வேறு. ஜெர்மனியில் வீட்டு எண் மட்டும் போதாது. அழைப்பு மணியில் ஒட்டியிருக்கும் பெயரும் பார்சலில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். தங்கையின் வீட்டில் தங்கியிருக்கும் அம்மாவுக்கு அனுப்பினால் தங்கை வீட்டுப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பிரான்ஸில் கட்டடத்தின் கதவுக் குறியீட்டு எண்ணையும் கைபேசி எண்ணையும் கொடுக்காவிட்டால் ஓட்டுநர் வாசலோடு திரும்பிவிடுவார்.

பேக்லிங்க், யூரோசெண்டர் போன்ற, இடையில் நின்று பதிவு செய்துதரும் இணையத்தளங்களில் இதே நிறுவனங்களின் சேவை மலிவாகக் கிடைக்கும். உடைந்தாலோ தொலைந்தாலோ நீங்கள் முறையிட வேண்டியது அந்தத் தளத்திடம். லாரியை ஓட்டிய நிறுவனம் உங்களிடம் பேசாது. பழைய துணிமணிகளுக்கு அது பரவாயில்லை. விலைமதிப்புள்ள பொருளை நேரடியாக நிறுவனத்திடமே பதிவு செய்யுங்கள். ரசீதையும் மூடுவதற்கு முன் எடுத்த பெட்டியின் படத்தையும் பார்சல் போய்ச் சேரும்வரை வைத்திருங்கள்.