நான்கு பல் எடுத்துக் கிளிப் போடும் சிகிச்சை: முகம் எவ்வளவு மாறும்?

எத்துப்பல்லுக்கும் நெருக்கிக்கொண்டு முளைத்த பற்களுக்கும் மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நான்கு சிறுகடைவாய்ப் பற்களை (கோரைப்பல்லுக்கும் பெரிய கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே உள்ளவை) எடுத்துவிட்டுக் கிளிப் போடுவது பழைய முறை. முகமே களையாகிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள், வாய் உள்ளே போய் மூக்கு மட்டும் தெரிகிறது என்று சிலர் வருந்துகிறார்கள். இரண்டும் உண்மை. பல்லை எடுத்ததைவிட, கிடைத்த இடத்தை எதற்குச் செலவழித்தார்கள் என்பதுதான் பக்கத்தோற்றத்தைத் தீர்மானிக்கிறது.

ஒரு சிறுகடைவாய்ப் பல்லின் அகலம் சுமார் 7 மி.மீ. மேல்வரிசையில் இரண்டு எடுத்தால் 14 மி.மீ. கிடைக்கும். பல் நெருக்கம் 8 மி.மீ. என்றால் பாதிக்கு மேல் அதற்கே போய்விடும், பக்கத்துக்கு 3 மி.மீ. மிஞ்சும். இடத்தை மூடும்போது கடைவாய்ப் பல்லும் 1 மி.மீ.யாவது முன்னே வந்துவிடுவதால், முன்பற்கள் உள்ளே போவது 2 மி.மீ.தான். மேலுதடு அதில் ஏறக்குறைய பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை மட்டுமே பின்தொடரும். இப்படி நெருக்கம் உள்ளவர் முகத்தில் மாற்றம் கண்ணில் படாது.

நெருக்கமே இல்லாத எத்துப்பல் என்றால் கதை வேறு. மினி ஸ்க்ரூ (தாடை எலும்பில் பதிக்கும் சிறு திருகு) போட்டுக் கடைவாய்ப் பல்லை நகராமல் பிடித்துவிட்டால் இடம் முழுக்க முன்பல்லுக்குத்தான். மேலுதடு 3, 4 மி.மீ. பின்வாங்கும், கீழுதடு அதைவிடக் கூடுதலாகப் பல்லோடு போகும், மூக்கடிக்கும் மேலுதட்டுக்கும் நடுவே உள்ள கோணம் விரியும். தடித்த உதட்டில் இந்த மாற்றம் குறைவு, மெல்லிய உதட்டில் அதிகம்.

உதட்டை மூடவே சிரமப்பட்டு, மூடினால் முகவாய்த் தோல் சுருங்குகிறவர்களுக்கு இதைவிட நல்ல சிகிச்சை இல்லை என்றே சொல்லலாம். மூக்கு-உதட்டுக் கோணம் ஏற்கெனவே 110 டிகிரியைத் தாண்டியவர்கள், மெல்லிய உதட்டுக்காரர்கள், கீழ்த்தாடை பின்தங்கியவர்கள் தயங்க வேண்டும். சிறிய கீழ்த்தாடைக்கு ஈடாக மேல்பற்களை இழுத்தால் மூக்கு எடுப்பாகிவிடும். குறை தாடையில் இருக்கும்போது பல்லைத் தண்டிப்பது சரியல்ல.

வேலை கெடுவது பெரும்பாலும் அவசரத்தால். மெல்லிய வட்டக் கம்பியில் இழுத்தால் பல்லின் தலை மட்டும் உள்ளே சாயும், வேர் அங்கேயே நிற்கும். கடி ஆழமாகி (மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களை அதிகமாக மூடி), சிரித்தால் ஈறும் அதிகமாகத் தெரியலாம். 0.019 × 0.025 அங்குலச் செவ்வக எஃகுக் கம்பியில் மாதம் சுமார் 1 மி.மீ. என்று மூடுவதே பாதுகாப்பு. கன்னம் ஒட்டிப்போகும் என்ற பயத்துக்குப் பல் காரணமல்ல, கன்னத்தைத் தாங்குவது எலும்பும் தசையும் கொழுப்பும். கிளிப் வலியில் சாப்பாடு குறைந்து மெலிந்தால் அது வேறு விஷயம்.

வளரும் பிள்ளைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. மூக்கும் முகவாயும் இன்னும் வளரும், வயதாக ஆக உதடு மெலியும், ஆகவே 13 வயதில் உதடு கொஞ்சம் முன்னே இருந்தாலும் பரவாயில்லை.

சம்மதிக்கும் முன் பக்கவாட்டு செபலோ எக்ஸ்ரே (பல், தாடை, உதட்டின் நிலையை அளக்கப் பக்கவாட்டில் எடுக்கும் தலை எக்ஸ்ரே) எடுத்திருக்கிறார்களா, முன்பல் எத்தனை மி.மீ. உள்ளே போகும், கடைவாய்ப் பல்லை எப்படிப் பிடிக்கப்போகிறார்கள் என்று கேளுங்கள். நெருக்கம் 4 மி.மீ.க்குள் இருந்தால் பற்களுக்கு இடையே எனாமலைச் சற்று ராவினாலே பல நேரம் போதும். எடுக்கலாமா வேண்டாமா என்று மருத்துவரே தடுமாறும் வாயில், எடுக்காமலே சில மாதம் வரிசைப்படுத்திவிட்டு இன்னொரு எக்ஸ்ரே பார்த்து முடிவெடுக்கச் சொல்லலாம்.