ஒரே குளுக்கோஸ், மூன்று வேலை: ஸ்டார்ச், கிளைக்கோஜன், செல்லுலோஸ்

அரிசியில் ஸ்டார்ச், ஈரலில் கிளைக்கோஜன், பருத்தியில் செல்லுலோஸ். இந்த மூன்றில் எதை அமிலத்தில் முழுதாக உடைத்தாலும் கடைசியில் மிஞ்சுவது குளுக்கோஸ் மட்டுமே. ஆனாலும் சோறு தின்றால் பசி ஆறும், பஞ்சைத் தின்றால் ஆறாது. சரக்கு ஒன்றுதான், கோத்த விதம் வேறு.

குளுக்கோஸ் வளையத்தின் 1-ஆம் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் (OH) கீழ்நோக்கி இருந்தால் ஆல்ஃபா, மேல்நோக்கி இருந்தால் பீட்டா. அங்கிருந்து அடுத்த குளுக்கோஸின் 4-ஆம் கார்பனுக்குப் பிணைப்பு விழுகிறது. ஆல்ஃபா பிணைப்பில் சங்கிலி வளைந்து சுருளாகும். பீட்டாவில் ஒன்றுவிட்டு ஒன்று 180 பாகை புரண்டு உட்காருவதால் சங்கிலி நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும்.

சேமிக்க எது: ஸ்டார்ச்சா, கிளைக்கோஜனா?

தாவரத்துக்கு ஸ்டார்ச், விலங்குக்கும் பூஞ்சைக்கும் கிளைக்கோஜன் என்று மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஏன் அப்படி என்று கேட்டால்தான் விஷயம் சூடு பிடிக்கிறது.

குளுக்கோஸைச் சேர்த்துக் கோக்காமல் அப்படியே செல்லுக்குள் வைத்தால் என்ன? நன்றாகச் சாப்பிட்டவரின் கல்லீரல் செல்லில் உள்ள கிளைக்கோஜனைத் தனித்தனி குளுக்கோஸாக அவிழ்த்துவிட்டால் அதன் செறிவு சுமார் 0.4 மோலார் ஆகும். இரத்தத்தில் இருப்பதோ 0.005 மோலார். சவ்வூடு பரவலில் தண்ணீர் உள்ளே பாய்ந்து செல் வீங்கி வெடிக்கும். ஆயிரக்கணக்கில் கோத்து ஒரே மூலக்கூறாக்கினால் அந்தத் தொல்லை இல்லை. இதுவரை இரண்டும் சமம்.

பிரிவது கிளையில். ஸ்டார்ச்சில் இரண்டு சரக்கு: கிளையே அநேகமாக இல்லாத அமைலோஸ் (பொதுவாக 20–30 சதவீதம்), ஏறத்தாழ 24–30 குளுக்கோஸுக்கு ஒரு கிளை விடும் அமைலோபெக்டின். கிளைக்கோஜனில் 8–12 குளுக்கோஸுக்கு ஒரு கிளை. அதை உடைக்கும் பாஸ்ஃபாரிலேஸ் நொதி நடுவில் கை வைக்காது, நுனியிலிருந்துதான் ஒவ்வொன்றாகக் கழற்றும். எத்தனை நுனி உண்டோ அத்தனை இடத்தில் ஒரே நேரத்தில் வேலை நடக்கும். நாய் துரத்தும்போது ஓடவேண்டிய உயிருக்கு இந்த வேகம் தேவை, கிழங்குக்குத் தேவையில்லை. அது மழைக்காகப் பல மாதம் காத்திருக்கும். அதற்கு வேண்டியது தண்ணீரில் கரையாமல் இறுகிக் கிடக்கும் மணி. அமைலோபெக்டினின் நீண்ட கிளைகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு படிகம்போல் அடுக்குவதால்தான் பச்சை அரிசி மாவு குளிர்ந்த நீரில் கரையாமல் அடியில் தங்குகிறது.

கிளை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆண்டர்சன் நோயே சாட்சி. அதில் கிளை போடும் நொதி பழுது. உடல் உருவாக்கும் கிளைக்கோஜன் நீண்ட சங்கிலியாகி, அமைலோபெக்டின் மாதிரி கரையாமல் படிகிறது. அதன் வழக்கமான வடிவத்தில் குழந்தைப் பருவத்திலேயே கல்லீரல் இறுகிவிடும். தாவரத்துக்குப் பொருந்தும் வடிவம் நமக்கு நஞ்சு.

கிளைக்கோஜனின் குறை எடை. 1 கிராம் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராம், தசைகளில் 400 கிராம் என்றால் தண்ணீரோடு இரண்டு கிலோ. (பட்டினி டயட்டின் முதல் வாரத்தில் 'குறைந்த' எடையில் பெரும்பங்கு இதுதான், கொழுப்பு அல்ல.) நீண்டநாள் சேமிப்பை விலங்குகள் கொழுப்பிடம் விட்டதற்கு இதுவே பெரிய காரணம். இன்னொன்று: தசையின் 400 கிராம் மூளைக்கு நேரடியாக உதவாது. கிளைக்கோஜன் உடைந்து வரும் குளுக்கோஸ்-6-பாஸ்ஃபேட்டிலிருந்து (பாஸ்ஃபேட் ஒட்டிய குளுக்கோஸ்) அந்தப் பாஸ்ஃபேட்டைக் கழற்றும் நொதி தசையில் இல்லை. கழற்றாமல் குளுக்கோஸ் இரத்தத்துக்குள் போக முடியாது.

செல்லுலோஸ் போட்டியிலேயே இல்லை

நேரான சங்கிலிகள் பக்கம் பக்கமாகப் படுத்து ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக் கயிறாகின்றன. ஸ்டார்ச்சைச் செரிக்கும் நம் அமைலேஸ் நொதி ஆல்ஃபா பிணைப்புக்கு வார்த்த அச்சு. பீட்டா அதில் பொருந்தாது. மாடும் இதற்கான நொதியைத் தானே சுரப்பதில்லை, அசையூண் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள்தான் செய்து கொடுக்கின்றன. தாங்கி நிற்க இதைவிடப் பொருத்தமான சரக்கு தாவரத்துக்கு இல்லை. நண்டு ஓட்டிலும் காளான் செல்சுவரிலும் உள்ள கைட்டினும் இதே பீட்டா வழிதான். 2-ஆம் கார்பனில் மட்டும் ஹைட்ராக்சிலுக்குப் பதில் நைட்ரஜன் உள்ள ஒரு தொகுதி.

அயோடினால் பிரித்தறிய

1 கிராம் மாவை 100 மில்லி நீரில் கொதிக்கவிட்டு, முழுக்க ஆறவைத்து, நீர்த்த அயோடின் 2 சொட்டு விடுங்கள். அமைலோஸ் சுருளுக்குள் அயோடின் வரிசையாக நுழைந்து கருநீலம் தரும். அமைலோபெக்டின் தனியே செவ்வூதா, கிளைக்கோஜன் செம்பழுப்பு. கடையில் வாங்கிய ஈரலில் கிளைக்கோஜனைத் தேடாதீர்கள்: வெட்டியபின் அது உடைந்துகொண்டே போகும், ஈரலின் நிறமும் மறைத்துவிடும்.

சூடாக இருக்கும்போது சொட்டினால் நிறமே வராது. சுருள் தளர்ந்து அயோடின் நழுவிவிடும், ஆறினால் நீலம் திரும்பும். எலுமிச்சைச் சாறு பட்டாலும் நிறம் போகும். அதிலுள்ள வைட்டமின் சி அயோடினை அயோடைடாக்கிவிடுகிறது. பருத்தி நூல் அயோடினில் பழுப்புக் கறைதான் பிடிக்கும். வேட்டி நீலமானால் குழம்ப வேண்டாம், அது மேலே போட்ட கஞ்சி.