ஏர் ஹோஸில் சொருகும் "டர்போ விசிறி": ரெண்டு வருஷம் ஓட்டிய பிறகு

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து கார்புரேட்டருக்கு வரும் ரப்பர் ஹோஸுக்குள் சொருகுகிற தகட்டு விசிறி இது. பெயர்தான் விசிறி, சுற்றாது. இறகுகள் சாய்வாக நிற்கும், அவ்வளவுதான். காற்று சுழன்றுகொண்டே போகும், பெட்ரோலோடு நன்றாகக் கலக்கும், மைலேஜும் பிக்கப்பும் கூடும் என்று விளம்பரம். இப்போது விலை பாதியாக இறங்கியிருக்கிறதாம், சித்தப்பா பையன் "வாங்கட்டுமாண்ணா?" என்று கேட்கிறான். என் பழைய 100 சிசி வண்டியில் ரெண்டு வருஷத்துக்கு மேல் கிடந்தது, போன சர்வீஸில்தான் கழற்றினேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாட்டிய அன்றிலிருந்து வண்டி இழுத்தது, உண்மையாகவே இழுத்தது. காலையில் சோக் போடாமலே கிளம்பும். மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது திடீரென்று முறுக்கினால் முன்பெல்லாம் ஒரு திக்கல் வரும், அது அடியோடு போய்விட்டது. பின்னால் ஆள் உட்கார்ந்திருந்தால் கியர் குறைத்தே ஏற வேண்டிய மேம்பாலத்தில் குறைக்காமலே ஏறியது.

மைலேஜ் மட்டும் ஏறவில்லை, இறங்கியது. அதுதான் உறுத்தல். நன்றாகக் கலந்து நன்றாக எரிகிறது என்றால் பெட்ரோல் ஏன் கூடுதலாகக் குடிக்க வேண்டும்? பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், முன்பு வெளுத்திருந்த முனை கரி படிந்து கறுத்திருக்கிறது. ரிச் மிக்ஸ்சர், காற்றுக்குப் பெட்ரோல் அதிகம். அதாவது விசிறி காற்றைக் கலக்கவில்லை, வழியை அடைத்திருக்கிறது. ஃப்ளோட் பௌலில் இருக்கும் பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருக்கிறது, விசிறியைத் தாண்டி வென்சூரியில், அதாவது கார்புரேட்டரின் குறுகிய கழுத்தில், அழுத்தம் இன்னும் கொஞ்சம் இறங்குகிறது, அந்த வித்தியாசத்தில் ஜெட் வழியாகப் பெட்ரோல் அதிகமாக ஏறுகிறது. எந்நேரமும் லேசாகப் போட்டு வைத்த சோக் என்று வைத்துக்கொள்ளுங்கள். புகை விதிக்காக லீனாக, அதாவது பெட்ரோல் குறைவாக, டியூன் செய்யப்பட்ட வண்டிக்கு அது பிடித்துப்போயிற்று. கீழ் வேகத்தில் அந்த இழுவை வேண்டும் என்றால் ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் உள்ளே திருகினாலே போதும், செலவில்லை.

சரி, சுழற்சி என்ன ஆகிறது? காற்று கார்புரேட்டரில் ஸ்லைடுக்கு அடியில் நெரிந்து, ஊசியில் மோதி, மானிஃபோல்டில் வளைந்து, வால்வு இடுக்கில் பாய வேண்டும். வாசலில் கோலம் போட்டு அதன் மேலேயே லாரியை ஓட்டினால் என்ன மிஞ்சும்? கலக்கும் வேலை ஏற்கெனவே வேறு இடங்களில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஏறும் எமல்ஷன் ட்யூபின் பக்கத் துளைகளில் காற்று புகுந்து பெட்ரோலை நுரையாக்குகிறது, மிச்சத் துளிகள் சூடான இன்டேக் வால்வின் முதுகில் பட்டு ஆவியாகின்றன. இதற்கு மேல் ஏதாவது செய்ய வேண்டும் என்றால் எஞ்சின் ஹெட்டிலேயே கைவைக்க வேண்டும். ஹோண்டா 1970களில் சிவிசிசி எஞ்சினில் அதைத்தான் செய்தது: பிளக் பக்கத்தில் ஒரு குட்டி அறை, அதற்கென்று தனி இன்டேக் வால்வு, அங்கே ரிச், மற்ற இடத்தில் லீன். மைலேஜ் கூட்டுவதாகச் சொல்லும் இந்த மாதிரிச் சாமான்கள் நூற்றுக்கும் மேல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பரிசோதனைக்குப் போயிருக்கின்றன. பெரிதாக எதுவும் தேறவில்லை.

தம்பி வண்டி பிஎஸ்6, இன்ஜெக்‌ஷன். கார்புரேட்டரே கிடையாது, இசியு என்ற குட்டிக் கணினி பெட்ரோலை அளந்து பீய்ச்சும். எனக்குக் கிடைத்த தற்செயல் லாபம்கூட அவனுக்குக் கிடைக்காது. சரியாக எரிய எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனால் கலந்தால் அதைவிடக் குறைவு. எக்ஸாஸ்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து இசியு அந்த விகிதத்தைத் தானே திருத்திக்கொண்டே இருக்கும். முழுக்க முறுக்கும்போது மட்டும் காற்று குறைந்து பவர் இறங்கும். காசு கொடுத்து அதை வாங்குவானேன்?

இவ்வளவையும் பொறுத்துக்கொள்வேன், அந்த விசிலைத்தான் முடியவில்லை. பாதி ஆக்சிலேட்டரில் டேங்குக்கு அடியிலிருந்து மெல்லிசாக ஒரு சீட்டி, சரியாக நான் வழக்கமாக ஓட்டும் வேகத்தில். ஹெல்மெட்டுக்குள்ளும் கேட்கும். பின்னால் உட்கார்பவர்களுக்குக் கேட்காது என்பது இன்னும் எரிச்சல், யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் கழற்றிப் பார்த்த அன்று. ப்ரீதர் குழாயிலிருந்து வரும் ஆயில் புகையும் தூசியும் சேர்ந்து இறகுகளின் விளிம்பில் கறுப்புப் பசையாக அப்பியிருந்தது. துணியால் துடைத்தால், ஒரு இறகின் அடியில், தகடு மடங்கும் இடத்தில், மயிரிழை போல ஒரு விரிசல். நகத்தால் நெம்பினேன், ஆடியது. அது உடைந்திருந்தால் அடுத்த நிறுத்தம் வால்வு. மெக்கானிக் கையில் வாங்கி ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் ஸ்கிராப் டப்பாவில் போட்டார்.

இழுவைக்கு மட்டும் மார்க் போடு என்றால் அஞ்சுக்கு நாலு போடுவேன், அதில் பொய்யில்லை. மொத்தமாகக் கேட்டால் ஒரு ஸ்டார், அதுவும் அந்த இறகு உள்ளே போகாமல் நின்றதற்காக.