ஓவர்ஃப்ளோ-ராப்: வரியை மடக்கும், புள்ளியைப் பார்க்காது

"மொபைலில் நீளமான சொல் பெட்டியைத் தாண்டி ஓடுகிறது, எதைப் போடட்டும்?" என்று நண்பர் கேட்டார். இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸில், பெட்டியில் அடங்காத சொல்லை மடக்கும் ஓவர்ஃப்ளோ-ராப் (overflow-wrap) போடுங்கள் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். பல வருடம் அதோடு மல்லுக்கட்டியவன் என்பதால் கொஞ்சம் புலம்பவும் வேண்டியிருக்கிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்டர்நெட் எக்ஸ்புளோரர் காலத்தில் இதை வேர்ட்-ராப் என்று மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. சிஎஸ்எஸ் தரத்தில் சேர்ந்தபோது பெயர் மாறியது. பழைய பெயரும் இன்றுவரை ஓடுகிறது. நிதானமான பிள்ளை. சொல் முழுதாக அடுத்த வரியில் அடங்கினால் அப்படியே இறக்கிவிடும். அங்கேயும் இடம் போதாவிட்டால்தான் உடைக்கும். யாராவது ஒட்டிவிட்டுப் போகும் முழ நீள யூஆர்எல்லுக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. சொல்லை உடைக்கும் இன்னொரு பண்பான வேர்ட்-பிரேக்கில் பிரேக்-ஆல் என்ற மதிப்பைப் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். வரியோரத்தில் சிக்கினால் 'அம்மா'வையும் வெட்டும்.

உள்ளே இருப்பவற்றை வரிசையாக அடுக்கும் ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் வந்தால் ஒரு சங்கடம். ஓவர்ஃப்ளோ-ராப்புக்குப் பிரேக்-வேர்ட் என்ற மதிப்பைப் போட்டும் பெட்டி சுருங்காது. பெட்டியின் குறைந்தபட்ச அகலத்தைக் கணக்கிடும்போது, சொல் உடையலாம் என்பதை அது சேர்த்துக்கொள்வதில்லை. எனிவேர் என்ற மற்றொரு மதிப்பு சேர்த்துக்கொள்ளும். ஆப்பிளின் சஃபாரி பிரவுசரில் எனிவேர் 2022-இல் 15.4 பதிப்பில்தான் வந்தது. அதுவரை பெட்டியின் குறைந்தபட்ச அகலத்தைச் சொல்லும் மின்-விட்த்தை 0 என்று வைத்துச் சமாளித்தோம். அட்டவணைக்குள் மட்டும் எனிவேர் வேண்டாம். ஒரு எழுத்து அகலத்துக்குக்கூட நெடுவரிசை ஒடுங்கிவிடும்.

இதெல்லாம் பழகிவிடும். எனக்குப் பழகாதது ஒன்றுதான்: தமிழில் அது வெட்டும் இடம். 'ஒருங்கிணைக்கப்பட்டவற்றிலிருந்து' என்று ஒரு தலைப்பில் வருகிறது, மொபைலில் ஒரு வரியில் அடங்கவில்லை. 'ஒருங்கிணைக்கப்ப' என்று வெட்டிவிட்டு, அடுத்த வரியை 'ட்டவற்றிலிருந்து' என்று தொடங்கும். புள்ளி வைத்த எழுத்தில் ஒரு வரி தொடங்கலாமா? கொம்பு ஒரு வரி, கால் ஒரு வரி என்று 'கொ'வைப் பிரிக்காமல் இருக்கத் தெரிகிறது, இது மட்டும் தெரியாது. நம் அச்சகங்களில் ஈயம் கோத்தவர்கள் கோடு எதுவும் போடாமல் 'பட்' என்று நிறுத்தி, அடுத்த வரியில் 'டவற்றி' என்று தொடர்ந்திருப்பார்கள். படிக்கிறவருக்கு உறுத்தவே உறுத்தாது.

வரியோரத்தில் சொல்லைத் தானாகப் பிரித்துக் கோடு போடும் ஹைபன்ஸை ஆட்டோவில் வைக்கலாமே என்பீர்கள். பக்கத்தில் மொழி குறிக்கப்பட்டிருக்க வேண்டும், அந்த மொழியில் சொல்லை எங்கே பிரிக்கலாம் என்று சொல்லும் அகராதியும் பிரவுசரில் இருக்க வேண்டும். அதற்கு மேல், வரிக் கடைசியில் தமிழுக்கு வேண்டாத ஒரு சிறுகோடு. அந்தக் கோட்டைத் தீர்மானிக்கும் ஹைபனேட்-கேரக்டரைக் காலியாக வைத்தால் கோடு மறையும். அகராதிக்கு என்ன செய்வது?

கடைசியில் கைகொடுத்தது, இங்கே வரியை மடக்கலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் டபிள்யூபிஆர் (wbr) டேக். மிக நீளமான சொற்களில் மட்டும், புள்ளியில்லாத எழுத்துக்கு முன்னால் அதைச் செருகும் ஒரு குட்டி ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டேன். 'க்ஷ'வை விதிவிலக்காக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இரண்டாகப் பிரிந்து நிற்கும். அகலமில்லா இடைவெளி எழுத்தைச் செருகினாலும் வரி மடங்கும்தான், ஆனால் நகலெடுத்தால் அதுவும் கூடவே ஒட்டிக்கொண்டு வந்து பிறகு தேடலில் சொல்லைச் சிக்கவிடாது. டபிள்யூபிஆரில் அந்த வம்பு இல்லை. முதல்முறை தலைப்பு ஒழுங்காக மடங்கியபோது, வேலை எதுவும் இல்லாமலே போனைக் கொஞ்ச நேரம் கிடைமட்டமாகவும் நெட்டுக்குத்தாகவும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் ஸ்கிரிப்டுக்குச் சேர வேண்டிய பாராட்டு. ஓவர்ஃப்ளோ-ராப்புக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு, அதுவும் யூஆர்எல்லுக்காக. நீங்கள் எனிவேர் போட்டு வையுங்கள், என் தளங்கள் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. ஸ்கிரிப்ட் வேண்டுமானால் அனுப்புகிறேன்.