தைரட்ரானா, ஸ்பார்க் கேப்பா?

மின்தேக்கியில் சேர்த்து வைத்த ஆற்றலை மைக்ரோ விநாடிக்கும் குறைந்த நேரத்தில் சுமைக்குள் (ஆற்றலைப் பெறும் கருவிக்குள்) இறக்க வேண்டிய இடத்தில், ஹைட்ரஜன் தைரட்ரானும் (ஹைட்ரஜன் நிரப்பிய மின்குழல்) தூண்டப்படும் வாயு ஸ்பார்க் கேப்பும் (இரு மின்முனைகளுக்கு இடையே பொறி பாயும் வாயு இடைவெளி) நெடுநாளாகப் போட்டியிட்டு வருகின்றன. இரண்டிலும் வாயுவே சுவிட்ச். ஆனால் முன்னதில் அதன் அழுத்தம் ஒரு டாருக்கும் (வளிமண்டல அழுத்தத்தில் 760-ல் ஒரு பங்கு) குறைவு, பின்னதில் பெரும்பாலும் வளிமண்டல அழுத்தமோ அதற்கு மேலோ ஆகும்.

தைரட்ரானின் பலம் அதன் நேர ஒழுங்கு. நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை இயங்கினாலும், துடிப்புக்குத் துடிப்பு நேர மாறுபாடு சில நானோ விநாடிகளுக்குள் அடங்கிவிடும். ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் எல்.எச்.சி. துகள் முடுக்கி வளையத்துக்குள் துகள் கற்றையைத் திருப்பிவிடும் கிக்கர் காந்தங்களை இயக்குவதும் இவ்வகைக் குழல்களே. எனினும், எலெக்ட்ரான்களை உமிழும் கேதோடும், குழலுக்குள் வாயுவை வெளியிடும் ஹைட்ரஜன் தேக்கியும் சூடேறும்வரை பல நிமிடங்கள் காத்திருக்க வேண்டும். தேக்கியின் ஹீட்டர் மின்னழுத்தம் சற்று மிகுந்தால் வாயு அழுத்தம் உயர்ந்து, குழல் தூண்டாமலே கடத்தத் தொடங்கும். குறைந்தால் மின்னோட்டம் மெதுவாக ஏறி, நேர்மின்முனையான ஆனோடு வீணாகச் சூடாகும். அனுபவமில்லாதவர்கள் பெரும்பாலும் இங்கேதான் குழலைக் கெடுக்கிறார்கள். எதிர்த்திசை மின்னோட்டத்தையும் சாதாரணத் தைரட்ரான் எளிதில் பொறுக்காது.

ஸ்பார்க் கேப்புக்கு இத்தகைய நளினம் இல்லை. நூற்றுக்கணக்கான கிலோ ஆம்பியரையும் திசைமாறி அலையும் மின்னோட்டத்தையும் அது தாங்கும், விலையும் குறைவு. ஆனால் ஒவ்வொரு வெடிப்பும் மின்முனையில் சிறு குழியைத் தோண்டுவதால் வாயு கடத்தத் தொடங்கும் முறிவு மின்னழுத்தம் நாளடைவில் நகர்கிறது. வாயுவும் மின்கடத்தா நிலைக்கு நிதானமாகவே மீள்கிறது. அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் மாபெரும் மின்துடிப்புகளை உருவாக்கும் இசட் இயந்திரத்தில் லேசரால் தூண்டப்படும் 36 வாயு சுவிட்சுகள் பொருந்துவதற்குக் காரணம், அங்கே ஒரு நாளைக்கு ஓரிரு முறை சுட்டாலே போதும் என்பதுதான்.